பசியின்றி உண்போர்

எருசலேம் நகரில் பெத்சதா என்னும் குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த மனிதனை நம் ஆண்டவர் கண்டபோது, உடனே அவனுக்குக் குணமளித்துவிடவில்லை. நலமடைய விருப்பமுண்டா என்று முதலில் அவனையே வினவினார். அருளப்பர் நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில் இதனை வாசிக்குந்தோறும் நமக்கு வியப்பு எழுவதுண்டு. அத்தனை ஆண்டு கிடந்தவனிடம் இப்படியும் ஒரு கேள்வியா? அதனினும் வியப்புக்குரியது அவன் தந்த மறுமொழி. ஆம் என்று அவன் கூறவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆளில்லை என்றே முறையிட்டான்.

விருப்பத்தைக் குறித்த கேள்விக்குத் துணையின்மையைக் குறித்த விடை வந்தது. அது பொருந்தாத விடையன்று என்பதை, ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்று மருத்துவர்கள் பெயரிட்டுள்ள நோயைப் பற்றிப் படித்தபோது நாம் உணர்ந்தோம்.

அளவு மீறியும் அடக்க ஒண்ணாமலும் உண்ணும் நோய் இது. திருவிழா விருந்தில் இரண்டு கவளம் கூடுதலாக உண்பதை எவரும் நோய் என்று சொல்லார். இந்நோயாளியோ பசியில்லாத வேளையிலும், பிறர் காணாத இடத்தில், விரைவு விரைவாக, வயிறு நோகும் வரை உண்கிறார். நிறுத்த எண்ணியும் நிறுத்த முடிவதில்லை. முடிந்த பின்னரோ தம்மைத் தாமே அருவருத்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒருமுறையேனும் மூன்று மாத காலம் இவ்வாறு நிகழுமாயின் அது நோய் எனக் கொள்ளத்தக்கது என மருத்துவர் வரையறுத்துள்ளனர். உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் ‘புலிமியா’ இதனின் வேறானது. பெண்களுக்கு மட்டுமே உரியதென்றும், பருத்த உடலினருக்கே வருவதென்றும் எண்ணுவது தவறு. ஆண்களும், நடுத்தர உடலினரும் இதற்கு ஆளாவதுண்டு.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1959 ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். எனினும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இதற்குத் தனி நோய் என்னும் இடமளித்தது 2013 இல்தான். அதுவரை இவர்களுள் பலர் நோயாளர் என்ற பெயரின்றி, பெருந்தீனிக்காரர் என்ற பெயரையே சுமந்தனர் எனலாம்.

வெட்கமே இந்நோயின் பூட்டு. மருத்துவமனை வாயிலில் நின்று, ‘நேற்றிரவு ஒரு ரொட்டிப் பொட்டலம் முழுவதையும் நானே தின்றுவிட்டேன்’ என்று சொல்ல யாருக்கு நாவெழும்? ஆதலால் கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அளிக்கப்படும் சிகிச்சை, ஐரோப்பிய நாடுகளில் இத்தகையோருக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்துள்ளது. நோயாளி தம் வீட்டில் அமர்ந்து வாரம் ஒரு பாடம் படிக்கிறார். உண்பதையெல்லாம் உண்டவுடனே குறிப்பேட்டில் பதிகிறார். பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் படித்து வாரந்தோறும் மறுமொழி எழுதுகிறார்.

பயன் உண்டா? ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் ஏழு மருத்துவ மையங்கள் இணைந்து 178 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தின. ஒரு சாரார் சிகிச்சையாளரை நேரில் கண்டனர்; மற்றொரு சாரார் இணைய வழியில் வழிகாட்டப்பெற்றனர். 2017 இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சிகிச்சை முடிந்தபோதும், அதன் பின் ஆறு மாதம் கழித்தும், நேரில் கண்டவர்களே மேம்பட்ட நிலையில் இருந்தனர். ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இணைய வழியும் ஊர் கொண்டு சேர்க்கிறது. ஆனால் மெல்லச் சேர்க்கிறது.

அந்த ‘மெல்ல’ என்னும் சொல்லில்தான் இடர் அனைத்தும் அடங்கியிருக்கிறது. தொடங்கும்போது எவருக்கும் ஊக்கத்துக்குக் குறைவில்லை. தம் துன்பத்துக்கு ஒரு பெயருண்டு, தம்மைப் போல் பலர் உண்டு என்று அறிந்ததே பெரும் ஆறுதல். நாலைந்து வாரம் குறிப்பேடு ஒழுங்காக நிரம்புகிறது. பின்னர் ஒரு நாள், அலுவலகத்தில் ஒரு கடுஞ்சொல், அல்லது வீட்டில் ஒரு மனத்தாங்கல். அன்றிரவு பழைய வெள்ளம் மீண்டும் கரையை உடைக்கிறது. மறுநாள் குறிப்பேட்டைத் திறக்க வெட்கம். அதற்கு மறுநாள் இன்னும் வெட்கம். நேரில் செல்பவரென்றால் குறித்த நாளில் வராதது உடனே தெரிந்துவிடும். கணினித் திரைக்கோ முகம் கிடையாது. அது கேள்வி கேட்பதில்லை. மூடினால் மூடியபடியே கிடக்கும். இவ்வாறு நடுவழியில் விட்டுவிடுவோர் இச்சிகிச்சையில் கணிசமானோர். அவர்களுக்கு நலமடையும் ஆவல் இல்லை என்று தீர்ப்பிடுவது எளிது. உண்மையில் அவர்களிடம் குறைந்தது ஆவலன்று, தோல்வியுற்ற மறுநாளில் குரல் கொடுக்கும் ஓர் ஆள்.

இதனை உணர்ந்தே இங்கிலாந்தில் ‘நைஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் நலவாழ்வு நெறிமுறை நிறுவனம் 2017 இல் ஒரு வழியை வகுத்தது. இந்நோயுற்ற வயதுவந்தோருக்கு முதலில் வழிகாட்டுதலுடன் கூடிய தற்பயிற்சியை அளிக்க வேண்டும். அதனுடன் 16 வார காலத்தில் நான்கு முதல் ஒன்பது தடவை, தடவைக்கு 20 நிமிடம், ஒருவர் நோயாளியோடு உரையாட வேண்டும் என்கிறது அது. இருபதே நிமிடம்! அவ்வுரையாடலின் நோக்கமும் ஒன்றே: பயிற்சியைத் தொடர அவருக்குத் துணைநிற்பது.

துணைநிற்பவர் என்ன பேச வேண்டும்? இங்கேதான் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம். ‘கொஞ்சம் மனத்தை அடக்கு’ என்பது நமக்குத் தெரிந்த ஒரே மருந்து. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கமுடையோரோடு பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு 1983 இல் வேறொரு முறையை எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991 இல் அதனை நூலாக்கினார். இருமனப்பட்டு நிற்பவரிடம் நாம் ஒரு பக்கத்தை வற்புறுத்தினால், அவர் மறுபக்கத்துக்கு வாதாடத் தொடங்குவார் என்பது அவர்கள் கண்ட உண்மை. பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் இது புதிதன்று! ஆகவே மாற வேண்டிய காரணங்களை அவர் வாயிலிருந்தே வரச் செய்ய வேண்டும்.

அதற்கு அவர்கள் கையாளும் ஒரு சிறு உத்தி நம் உள்ளத்தைக் கவர்ந்தது. இப்பழக்கத்தினின்று விடுபடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவர் ‘நான்கு’ என்கிறார் எனக் கொள்வோம். ‘ஏன் ஒன்பது இல்லை?’ என்று நாம் கேட்போம். அவர் சாக்குகளை அடுக்குவார். அவர்களோ, ‘ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?’ என்று கேட்கிறார்கள். இப்போது அவர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘என் மகள் என்னைப் பார்த்து அதே போல் ஒளித்துத் தின்னத் தொடங்கிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன்’ என்று அவரே சொல்லக்கூடும். எவரும் அவருக்குப் போதித்த சொல்லன்று அது.

ஊக்கத்தின் அளவைப் போலவே அது எதன்மேல் நிற்கிறது என்பதும் முக்கியம். பலர் இச்சிகிச்சைக்கு வருவது உடல் இளைக்கும் என்ற நம்பிக்கையில். இந்த நம்பிக்கை அவர்களை ஏமாற்றிவிடுகிறது. இவ்வுளவியல் சிகிச்சையால் உடல் எடை பெரிதும் குறைவதில்லை என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும் என்றும், சிகிச்சைக் காலத்தில் பட்டினி கிடந்து இளைக்க முயல வேண்டாம் என்று அறிவுறுத்த வேண்டும் என்றும் அந்த இங்கிலாந்து நெறிமுறை கூறுகிறது. காரணம் எளிது. காலையில் ஒன்றும் உண்ணாமல், நண்பகலில் அரைவயிறு உண்டு, தனக்குத் தானே கடுஞ்சட்டம் இயற்றிக்கொண்டவர், மாலையில் ஒரு பிஸ்கட்டைத் தொட்டதும் சட்டம் முறிந்ததென்று எண்ணிப் பெட்டியையே காலி செய்கிறார். அந்தக் குற்ற உணர்வால் மறுநாள் இன்னும் கடும்பட்டினி. ஆக்ஸ்போர்டு மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1995 இல் வெளியிட்ட தற்பயிற்சி நூல் இச்சுழலை உடைக்கக் கூறும் வழி, நாள்தோறும் மூன்று வேளை உணவையும் இடையிடையே சிற்றுண்டியையும் நேரந்தவறாது உண்பது. அடங்காமல் உண்பவருக்கு ஒழுங்காக உண்பதே மருந்து! தராசு முள்ளையே பார்த்திருப்பவருக்கு நாலாம் வாரம் நெஞ்சம் தளரும். இரவு அச்சமின்றிச் சமையலறையைக் கடந்து செல்ல முடிகிறதா என்று பார்ப்பவருக்குத் தம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கத்தோலிக்கராகிய நமக்கு இங்கே ஓர் உறுத்தல் எழலாம். ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியத்தையும் ஒன்றாகப் படித்தோமே! படித்தது மெய், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1735 ஆம் பத்தியில், அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் முதலியவற்றால் ஒருவரது செயலுக்கான பொறுப்பு குறையலாம், முற்றும் நீங்கவும் கூடும் எனக் கற்பிக்கிறது. தம் நோயைப் பாவம் என்று மட்டுமே எண்ணிப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் திரும்பத் திரும்ப வருபவரை, ஆன்ம குரு மருத்துவரிடமும் அனுப்பி வைப்பது நல்லது. தவக்காலத்து ஒருசந்தியும் இத்தகையோருக்கு அப்பட்டினிச் சுழலைத் தூண்டிவிடலாம். 18 வயது நிறைந்தவர் முதல் 60 ஆம் வயதைத் தொடங்காதவர் வரை அது கடமை என்றாலும், நோயாளரை அது கட்டாது. பங்குத்தந்தையிடம் மனந்திறந்து சொல்லி வேறொரு தவமுயற்சியை மேற்கொள்ளலாம்.

இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனாஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்நோய்க்கென்றே அமைந்த சேவையன்று அது. எனினும் உரிய மருத்துவரிடம் செல்ல வழிகாட்டும். முதல் அழைப்பைத் தாமே செய்ய அவர் தயங்குவாராயின், வீட்டிலுள்ள ஒருவர் அருகில் அமர்ந்து எண்ணை அழுத்திக் கொடுக்கலாம். பேச்சு முடியும் வரை அறையை விட்டு வெளியே போயிருப்பதும் நன்று.