பழைய கேமுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? எமுலேட்டரில் 'வூடூ'வை டிக் செய்யும் முன் ஒரு நிமிஷம்!

ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு எப்படியும் ஒன்றிரண்டு நாள் லீவு மிச்சம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, பக்கத்தில் ராஜபாளையத்திலோ வீட்டு அலமாரியைத் திறந்தால், பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் பையோடு அப்படியே இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தது. அதன் பக்கத்திலேயே அண்ணன் காலத்து 'ரோட் ராஷ்', 'நீட் ஃபார் ஸ்பீடு' சிடிக்கள். "இதை அதுல போட்டு ஓட்டிப் பார்த்தா என்ன?" என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

இதற்கென்றே எமுலேட்டர்கள் இருக்கின்றன. அதாவது, இன்றைய கம்ப்யூட்டருக்குள் 90களின் கம்ப்யூட்டர் ஒன்றை சாஃப்ட்வேராகவே உருவாக்கிக் காட்டும் புரோகிராம்கள். டாஸ்பாக்ஸும் 86பாக்ஸும் இதில் பிரபலம், இரண்டுமே இலவசம். இன்ஸ்டால் செய்வது வரை சிக்கல் இல்லை. 86பாக்ஸின் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பகுதியைத் திறந்தால்தான் தலை சுற்றும். ஹெர்குலிஸ், சிஜிஏ, இஜிஏ, செங் லேப்ஸ், சிர்ரஸ் லாஜிக், எஸ்3, மேட்ராக்ஸ், வூடூ என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். இதில் எதைத் தேர்வு செய்வது?

பலர் செய்வது, இருப்பதிலேயே பெரிய கார்டு எதுவோ அதை எடுத்துக்கொள்வது. கேம் நொண்ட ஆரம்பிப்பது அங்கேதான்.

இல்லாத கார்டு எப்படி வேலை செய்யுது?

கடையில் வாங்கும் கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று தனி சிப் இருக்கிறது. 86பாக்ஸுக்குள் இருக்கும் கார்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தக் கார்டு போட வேண்டிய கணக்கு முழுவதையும் உங்கள் கம்ப்யூட்டரின் ப்ராசசர்தான் போடுகிறது. அதே ப்ராசசர்தான் உள்ளே ஓடும் பழைய பென்டியமாகவும் நடிக்க வேண்டும், சவுண்ட் கார்டாகவும் நடிக்க வேண்டும். பால்கோவா கடையில் பாலைக் கிண்டுகிறவரே கல்லாவிலும் உட்கார்ந்து, பார்சலும் கட்டினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். பெரிய கார்டைத் தேர்ந்தெடுப்பது அவர் அடுப்பில் இன்னொரு சட்டியை ஏற்றுவதற்குச் சமம்.

அதனால், இதற்காகப் பல ஆயிரம் ரூபாய் போட்டுப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் பயன் இல்லை. 86பாக்ஸில் அது செய்யும் வேலை, தயாராகி வந்த படத்தைத் திரைக்கு ஏற்பப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே. காசு செலவு செய்வதென்றால் ப்ராசசருக்குச் செய்ய வேண்டும்.

டேவ் விளையாட என்ன வேணும்?

ஒன்றுமே வேண்டாம் என்பதுதான் பதில். டாஸ் காலத்து கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் போதும். அதில் யாரும் மாற்றாமல் விட்டால் இருக்கும் கார்டு எஸ்3 ட்ரையோ. 1981-ன் சிஜிஏ, 1984-ன் இஜிஏ, 1987-ன் விஜிஏ மூன்றுக்கும் எழுதப்பட்ட கேம்களில் பெரும்பாலானவை அதிலேயே ஓடிவிடும். 'டேஞ்சரஸ் டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' எல்லாம் இந்த வகை. பழைய அரசு லேப்டாப்புக்கும் இது பெரிய பாரமில்லை.

பிறகு ஏன் சிலர் வேண்டுமென்றே சிஜிஏவைத் தேர்வு செய்கிறார்கள்? நிறத்துக்காக. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையில் சிஜிஏ ஒரே நேரத்தில் 4 நிறம்தான் காட்டும். இஜிஏ 16 நிறம், விஜிஏ 256 நிறம். சிறுவயதில் வெளிர்நீலமும் இளஞ்சிவப்புமாகப் பார்த்துப் பழகியவருக்கு 256 நிறத்தில் பார்த்தால் வேறு ஏதோ கேம் மாதிரி இருக்கும். இது வேகத்தைப் பற்றிய தேர்வு இல்லை, ஞாபகத்தைப் பற்றியது. கூடவே, படத்தை 4:3 அளவில் காட்டும் வசதியையும் ஆன் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய அகலத் திரையில் டேவ் நசுங்கித் தெரிவான்.

விண்டோஸ் 95, 98 கேம் என்றால்?

இங்கே 86பாக்ஸ் தேவைப்படும். 2டி கேம்களுக்கு மறுபடியும் எஸ்3 ட்ரையோ64-தான் பத்திரமான தேர்வு. காரணம், அதற்கான டிரைவர் விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. இன்ஸ்டால் செய்யும்போதே விண்டோஸ் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். 'ரோட் ராஷ்', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டுக்கும் இது தாராளம். பைக் பறக்கிறதே என்று பார்த்தால் 3டி போலத் தெரியும். ஆனால், ரோட் ராஷுக்கு 3டி கார்டே தேவையில்லை.

பட்டியலில் எஸ்3 வெர்ஜ் என்றும் ஒன்று இருக்கும். 3டி வசதி உள்ளதுதானே என்று அதை எடுத்துவிடாதீர்கள். சில கேம்களில் அதன் 3டியை ஆன் செய்தால், ஆஃப் செய்ததைவிட மெதுவாக ஓடியது. 'ஆக்சிலரேட்டர்' என்று விற்ற கார்டுக்கு 'டீசெலரேட்டர்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. எமுலேட்டரில் அந்தக் குறையும் சேர்ந்தேதான் வரும்!

சரி, வூடூ யாருக்கு?

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 1996-ல் வந்தது. முதல் வூடூவுக்கு 2டி தெரியாது. சாதாரண கார்டு ஒன்று தனியாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போகும். 3டி கேம் தொடங்கும்போது மட்டும் வூடூ திரையைக் கையில் எடுத்துக்கொள்ளும். 86பாக்ஸில் மேலே ஒரு கார்டைத் தேர்வு செய்த பிறகும், கீழே வூடூவுக்கு என்று தனி டிக் பெட்டி இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டில் ஒன்று அல்ல, இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

வூடூவுக்கென்றே கிளைடு என்ற தனி மொழியில் பல கேம்கள் எழுதப்பட்டன. 1997-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீடு 2 ஸ்பெஷல் எடிஷன்' நல்ல உதாரணம். வூடூ இருந்தால் ஒரு முகம், இல்லாவிட்டால் வேறு முகம். அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வூடூ வேண்டும்தான். ஆனால், வூடூ 2-க்குத் தாவ வேண்டியதில்லை. 640க்கு 480 திரையில் முதல் வூடூவே போதும். ப்ராசசரில் நான்கைந்து கோர் இருந்தால், வூடூவின் அமைப்புகளில் 'ரெண்டர் த்ரெட்' எண்ணிக்கையை 2 அல்லது 4 ஆக்கலாம். கடையில் கிண்டுவதற்குக் கூட ஆள் போட்ட மாதிரி. இரண்டே கோர் உள்ள பழைய லேப்டாப்பில் அந்தக் கூட ஆளுக்கு எங்கே போவது?

அப்படிப்பட்ட லேப்டாப்பில் எமுலேட்டரையே விட்டுவிடுவது நல்லது. டிஜிவூடூ, என்கிளைடு போன்ற சின்ன புரோகிராம்கள், கேம் கிளைடில் கேட்பதை இன்றைய கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியும் மொழியில் மாற்றிக் கொடுக்கும். கேம் நேரடியாக இன்றைய விண்டோஸிலேயே ஓடும், வேலை ப்ராசசர் தலையில் விழாது. ஒரு தடங்கல் உண்டு: 90களின் பல சிடிக்களில் இன்ஸ்டால் செய்யும் புரோகிராம் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது திறக்காது. கேம் ஓடும், இன்ஸ்டாலர் ஓடாது என்ற விசித்திரம்.

2000-ன் கடைசியில் வந்த 'ஐஜிஐ', 2003-ல் பிசிக்கு வந்த 'வைஸ் சிட்டி' இரண்டையும் எமுலேட்டரில் தேட வேண்டாம். அந்த வேகத்தை எமுலேட் செய்வது நல்ல டெஸ்க்டாப்புக்கே கஷ்டம்.

சரியா தேர்வு செஞ்சிருக்கோமான்னு எப்படித் தெரியும்?

86பாக்ஸ் ஜன்னலின் மேல் பட்டையைப் பார்த்தால் போதும். அதில் ஒரு சதவீத எண் ஓடிக்கொண்டிருக்கும். கேம் நடக்கும்போது அது 100-லேயே நின்றால் எல்லாம் சரி. 80, 70 என்று இறங்கி, பாட்டும் விக்கி விக்கி வந்தால் ப்ராசசர் திணறுகிறது என்று அர்த்தம். முதலில் உள்ளே வைத்திருக்கும் பென்டியத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் வூடூவில் உள்ள டிக்கை எடுக்க வேண்டும்.

கார்டை மாற்றுகிறவர்கள் அதற்கு முன், உள்ளே இருக்கும் விண்டோஸ் 98-ல் டிஸ்ப்ளே டிரைவரை சாதாரண விஜிஏவுக்கு மாற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புது கார்டைப் பார்த்ததும் விண்டோஸ் 98 முதல் வேலையாகக் கேட்பது அதன் ஒரிஜினல் சிடியைத்தான்.