வானிலிருந்து காணும் வனம்

வனவிலங்குகளைக் காக்க விழைவோர், அவை வாழும் காடு எங்கே எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் துணைக்கோளை ஏவியது முதல், நிலப்பரப்பின் படங்கள் வானிலிருந்து கிடைத்து வருகின்றன. 2014இல் புதுவடிவம் பெற்ற 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' வரைபடத்தில் அப்படங்களின் பயனை எவரும் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே பெறலாம். விரலால் நகர்த்தினால் இடம் மாறும். ஆண்டை மாற்றினால் அவ்வாண்டில் மறைந்த மரப்பரப்பு இளஞ்சிவப்பாகத் தோன்றும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொடங்குவோம். கூரைகள், இருப்புப்பாதைகள், ஓரத்தில் கிள்ளான் ஆறு. வடகிழக்கே உலு கோம்பாக்கை நெருங்கும்போதே பசுமை அடர்கிறது. இன்னும் வடக்கே, பேராவில், பெலும் தெமெங்கோர் காட்டைக் கிரிக் ஜெலி நெடுஞ்சாலை ஒரு கோடாகப் பிளப்பதையும் காணலாம்.

தோட்டத்து மக்கள் நன்கு அறிந்த ஒன்றை இவ்வரைபடம் அறியாது. 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும் அதற்கு மரமே. ஆகவே முதிர்ந்த பால்மரங்களை மறுநடவுக்காகச் சாய்த்தாலும், தொன்மையான காட்டை வெட்டினாலும் ஒரே நிறந்தான். நிறத்தைக் கண்டவுடன் காடு அழிந்ததெனக் கூவுவது பிழை. மறுநடவுதானே என்று வாளாவிருப்பதும் பிழையே. பால்மரம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருசேர இலையுதிர்த்துத் தளிர்க்கும். நம் பசுமைமாறாக் காடுகள் அவ்வாறு உதிர்ப்பதில்லை. ஆராய்ச்சியாளர்களும் இவ்வேறுபாட்டைக் கொண்டே துணைக்கோள் படங்களில் ரப்பர் நிலங்களைப் பிரித்தறிகின்றனர். பால் குறைந்து வருமானம் சுருங்கும் அப்பருவம் அறிவியலுக்குத் துணைபுரிவது விந்தைதான்.

காட்டோடு விலங்கின் நடமாட்டமும் தெரிந்தாக வேண்டும். இதற்காக யானையின் கழுத்தில் துணைக்கோள் பட்டை அணிவிக்கப்படுகிறது. அந்நெடுஞ்சாலைப் பகுதியில் 17 யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. சாலை அவற்றின் போக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு தடுத்ததும், சாலையைக் கடந்தவற்றுள் 81 விழுக்காடு இரவிலேயே நிகழ்ந்ததும் அதனால் தெரியவந்தன. தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளைக் கண்காணித்து 2022இல் வெளியான ஆய்வு, யானைகள் காப்பகங்களின் எல்லையோரத்தையே பெரிதும் நாடுவதாகக் கூறுகிறது. வெளியே 3 கிலோமீட்டர் வரையிலான நிலமும் அவற்றின் விருப்பமான இடம். அந்த ஓரத்தில் தோட்டங்களும் உள்ளன. இருள் பிரியுமுன் நெற்றிவிளக்குடன் பால்வெட்டப் புறப்படுவோருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

காட்டோரத் தோட்டங்களில் புதிய தடமோ, சாணமோ, ஒடிந்த இளங்கன்றோ தென்பட்டால், அருகில் செல்லாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கும் அறிவியுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அவ்விடத்தைச் சற்றே அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். அவற்றையும் எழுதியனுப்பினால், அதிகாரிகள் நிரை நிரையாய்த் தேடாமல் நேரே வந்து சேர்வர்.