ஜோலார்பேட்டையில் எத்தனை எழுத்து?

ஜோ, லா, ர், பே, ட், டை. எண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்து. பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேளுங்க, 12 என்று சொல்லும். ‘ஜோ’ என்பது யூனிகோடில் ஜ ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. ‘ர்’ என்பது ர ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி ஆறும் இரண்டிரண்டாகப் பிரிந்து 12 ஆகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். இரண்டாவது வகையில் நீளம் 13. திரையில் பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். நேரடியாக ஒப்பிட்டால் கணினிக்கு வேறு வேறு. பட்டியலில் ஒருவரின் ஊர் ஒரு வகையிலும் நாம் தேடும் சொல் மறு வகையிலும் இருந்தால், அவர் பெயர் தேடலில் வராது. பிழைச் செய்தியும் வராது. அதுதான் ஆபத்து.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டார ஊர்ப்பெயர்களைச் சீராக்க ஒரு சின்ன பைத்தான் தொகுப்பு வைத்திருக்கிறேன். அதற்குப் பதிப்புக் கட்டுப்பாடும் தானியங்கிச் சோதனையும் அமைத்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன். முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் திறமூலமாக வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் கிட்ஹப்பில் இருக்கு. நிரலோடு சோதனைகளையும் சேர்த்தே வைத்திருக்காங்க. தமிழ் நிரல் எழுதுபவர்களுக்கு நல்ல மாதிரி.

முதலில் கிட். லினக்ஸ் கர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவி. கோப்புறையில் ‘கிட் இனிட்’ கொடுத்தால் வரலாறு தொடங்கிவிடும். ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட். செய்தியில் ‘என்ன’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் எழுதணும்.

அடுத்து சோதனைகள். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் போதும். நான் வைத்தவை நாலு:

1. ‘ஜோலார்பேட்டை’ ஆறு எழுத்து என வர வேண்டும்.

2. 12 குறியீட்டு வடிவமும் 13 குறியீட்டு வடிவமும் சீராக்கியபின் சமமாக வேண்டும். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள என்.எஃப்.சி. இதைச் செய்யும்.

3. துணைக்காலுக்குப் பதில் ர அடித்த ‘ஜேரலார்பேட்டை’ சந்தேகப் பட்டியலுக்குப் போக வேண்டும். என்.எஃப்.சி. இதைத் தொடாது.

4. ‘சேரன்மாதேவி’ அப்படியே இருக்க வேண்டும்.

நாலாவது எதுக்குன்னா, மூன்றாவதை யாராவது ‘தானாகவே திருத்திடலாமே’ என்று மாற்றினால் நெல்லைச் சீமை ஊர் ‘சோன்மாதேவி’ ஆகிவிடும். என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எதைச் செய்யக் கூடாது என்பதையும் சோதனை சொல்லணும்.

கடைசியாக, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் எல்லாச் சோதனையும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும்படி ஒரு யாமல் கோப்பு எழுதி வைக்கலாம். ரெண்டிலும் ஏன் ஓட்டணும்? கோப்பைத் திறக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால், லினக்ஸில் சரியாகப் படிக்கும் தமிழ் விண்டோஸில் குப்பையாகலாம்.

என்றோ ஒரு சோதனை உடைந்திருந்து இப்போதுதான் தெரியவந்தால், ‘கிட் பைசெக்ட்’ வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 படியில் குற்றவாளி கமிட் கிடைக்கும். ஒரு கமிட்டில் ஒரே மாற்றம் இருந்தால்தான் அந்த விடை பயன்படும்.

இனி புதுப் பிழை வந்தால் முதலில் அதைக் காட்டும் சோதனை, பிறகு திருத்தம், இரண்டும் ஒரே கமிட்டில். அந்தப் பிழை மறுபடி தலைகாட்டினால் சோதனையே சொல்லிவிடும்.