தை மாதக் காரும் மார்கழி மாடலும்

மார்கழி பிறந்துவிட்டால் கார் விற்பனையகங்களின் வாசலில் தள்ளுபடிப் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். ஆனால், தை பிறந்த பிறகே புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணுவோர் தமிழகத்தில் ஏராளம். அதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: ‘இரண்டு வாரம் பொறுத்தால் அடுத்த வருட மாடல் கிடைக்குமே!’ முதல் காரணம் அவரவர் நம்பிக்கை சார்ந்தது. அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை. இரண்டாவது கணக்குத்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது.

பழைய கார் சந்தையில் வண்டியின் வயதை யாரும் மாதக் கணக்கில் சொல்வதில்லை. ‘2019 மாடல்’, ‘2020 மாடல்’ என்பதுதான் அங்கே வழக்கு. 2019 டிசம்பர் கடைசியில் தயாரான காருக்கும் 2020 ஜனவரி முதல் வாரத்தில் தயாரான காருக்கும் இடையே சில நாள்களே வித்தியாசம். தரகரின் பேச்சிலோ அது முழுதாக ஓராண்டு. அதே நேரத்தில், 2019 ஜனவரியில் தயாரான கார், தன்னைவிடப் பதினோரு மாதம் இளைய டிசம்பர் காருடன் ஒரே வரிசையில் நிற்கும். நியாயமற்ற அளவுகோல்தான். ஆனாலும் விலை அதைக் கொண்டே பேசப்படுகிறது. டிசம்பர் 31-க்குள் விற்காமல் தங்கிவிடும் வண்டி, மறுநாள் காலை ‘போன வருட வண்டி’ ஆகிவிடும். அந்த இழப்பில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்து, மீதியை அவர் தலையில் ஏற்றிவிடுவதே ஆண்டிறுதித் தள்ளுபடி.

பதிவுச் சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று பதிவு செய்யப்பட்ட நாள்; மற்றொன்று வண்டி தயாரான மாதமும் ஆண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கான பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குப் பதிவு நாளே அடிப்படை. ஆனால், விற்கும்போது விவரமறிந்த வாடிக்கையாளர் பார்ப்பது தயாரான ஆண்டை. ஆகவே, டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் பதிவு செய்வதால் கெடு சில வாரம் தள்ளிப்போகுமே தவிர, வண்டியின் ‘மாடல்’ மாறிவிடாது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே முதற்பதிவு நாள்தான் காரின் வயது. அதை எண் பலகையே ஊருக்குச் சொல்லிவிடும். ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 1-இலும் செப்டம்பர் 1-இலும், பலகையின் நடுவிலுள்ள இரு இலக்கங்கள் மாறும். 2025 மார்ச் முதல் பதிவானவற்றுக்கு 25. செப்டம்பர் முதல் பதிவானவற்றுக்கு அதோடு 50 கூட்டி 75. ஆகஸ்ட் கடைசி நாளில் பதிவான வண்டி மறுநாளே ‘பழைய பலகை’ ஆகிவிடுவதால், வாங்குவோர் செப்டம்பருக்காகக் காத்திருப்பார்கள். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இந்த மாற்றம் நிகழ்ந்தது. ஆகஸ்டில் மட்டும் விற்பனை குவிந்து தொழிலே திணறியதால், 1999-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். அயர்லாந்தும் 2013-இல் ஆண்டை இரண்டாகப் பிரித்து 131, 132 என்று பலகையில் எழுதத் தொடங்கியது. விற்பனையைச் சீராகப் பரப்புவது ஒரு நோக்கம். 13 என்ற எண்ணைக் கண்டு வாடிக்கையாளர்கள் மிரண்டுவிடுவார்களோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. மார்கழிக்கு அஞ்சும் நாம் மட்டும் தனியாக இல்லை!

நம் எண் பலகை இந்த விஷயத்தில் ஊமை. எழுத்து வரிசையை வைத்து அனுபவசாலிகள் ஆண்டை ஊகிக்கலாம், அவ்வளவுதான். 2021-இல் அறிமுகமான ‘பாரத்’ வரிசை மட்டும் விதிவிலக்கு. அதில் முதல் இரு இலக்கங்கள் பதிவு ஆண்டைக் குறிக்கும். அதுவும் பதிவு ஆண்டுதான், தயாரான ஆண்டு அல்ல. 2024 நவம்பரில் தயாராகி 2025 ஜனவரியில் பதிவான காரின் பலகை 25 என்றே தொடங்கும். சான்றிதழோ உண்மையைச் சொல்லிவிடும்.

பொங்கலுக்குக் கார் எடுப்பவர் சறுக்குவது இங்கேதான். அவர் தள்ளுபடியைத் துறந்து, முழு விலையைக் கொடுத்து, புத்தாண்டு மாடல் என்ற நம்பிக்கையோடு வண்டியை எடுக்கிறார். ஜனவரி நடுவில் விற்பனையகத்தில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை முந்தைய ஆண்டில் தயாரானவையாக இருக்கக்கூடும். ஆலையிலிருந்து லாரியில் ஏறி முகவரின் கிடங்குக்கு வந்து சேரவே நாளாகும். ஆண்டிறுதியில் பராமரிப்புக்காகச் சில ஆலைகள் மூடப்படுவதும் உண்டு. போன வருட வண்டியை இந்த வருட விலைக்கு வாங்குவதைவிட, டிசம்பரிலேயே தள்ளுபடியோடு வாங்கியிருக்கலாம்.

அப்படியானால் டிசம்பரில் வாங்குவது லாபமா? எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு பேச்சுக்கு, 10 லட்ச ரூபாய்க் காருக்கு 50,000 ரூபாய் தள்ளுபடி என்றும், ஓராண்டு மாடல் வித்தியாசத்துக்கு விற்கும் விலையில் பத்து சதவீதம் குறையும் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றாண்டில் ஆறரை லட்சத்துக்கு விற்கக்கூடிய வண்டியில் 65,000 ரூபாய் போய்விடும், தள்ளுபடி போதவில்லை. பத்தாண்டு ஓட்டிவிட்டு இரண்டு லட்சத்துக்கு விற்பவருக்கு இழப்பு 20,000 ரூபாய்தான். அவருக்கு டிசம்பர் லாபமே. கடனில் வாங்கியிருந்தால் அந்த 50,000-க்கான வட்டியும் மிச்சம். ஆனால் தள்ளுபடி என்பது விலையில் குறையும் ரொக்கமாக இருக்க வேண்டும். இருக்கை உறையையும் தரைவிரிப்பையும் இலவசமாகக் கொடுத்து, அதற்கு 25,000 ரூபாய் மதிப்பு என்று எழுதிக் காட்டுவது கணக்கில் சேராது.

தயாரான மாதத்தை அறிவது கடினமல்ல. வண்டியில் பொறிக்கப்படும் அடையாள எண்களில் அது இடம்பெற வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்தக் குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் நமக்குப் புரியாமல் போகலாம். விற்பனைச் சான்றான படிவம் 21-இலோ மாதமும் ஆண்டும் வெளிப்படையாகவே எழுதப்படும். முன்பணம் கட்டும்போதே ‘இந்த ஆண்டில் தயாரான வண்டி’ என்று முன்பதிவுப் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வண்டி ஒதுக்கப்பட்டதும் சேசிஸ் எண்ணைக் கேட்டு, மீதித் தொகையைச் செலுத்துவதற்குள் சரிபார்க்கலாம். பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் கூறி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. முந்தைய ஆண்டு வண்டியை மறைத்து விற்றதாக வாதாட நேர்ந்தால், எழுதி வாங்கிய அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

இதையெல்லாம் டெலிவரி நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. மாலை போட்டு, சந்தனம் தடவி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபின், குடும்பமே புகைப்படத்துக்கு நிற்கும் வேளையில் தயாரிப்பு மாதத்தைக் கேட்க யாருக்கும் மனம் வராது.