வெயிலுக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு முழுக்கைச் சட்டை

பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் வந்து, மதுரையை ஒட்டிய ஒத்தக்கடைப் பக்கம் நடவு தொடங்கும்போது வயலில் இறங்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். தலையில் கட்டிய துண்டு காதையும் பிடரியையும் மூடித் தொங்கும். வயலை ஒட்டிய சாலையில் கல்லூரிக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கும் வண்டியில் விரைகிறவர்களில் பலர் முகத்துக்குக் கிரீம் பூசியிருப்பார்கள். முழங்கைக்குக் கீழே கை கறுத்துக் கிடக்கும். தோலைக் காக்கத் தெரிந்தவர் யார் என்றால், தயங்காமல் நடவுக்காரப் பெண்களைத்தான் சொல்வேன். சட்டையைக் காலையில் ஒருமுறை மாட்டினால் போதும், பொழுது சாயும்வரை அதை நினைக்க வேண்டியதில்லை.

ஆவணியிலும் உச்சி வெயில்

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில், ஆவணியில் மறுமுறை. அந்நாட்களில் பகல் 12.15 தாண்டி வெட்டவெளியில் நின்றால் நிழல் காலடியில் சுருண்டுவிடும். ஆவணியில் சூடு கொஞ்சம் தணிந்திருப்பதால் துண்டை எடுத்து வைத்துவிடுகிறோம். ஆனால் தோலைத் தாக்கும் புறஊதாக் கதிருக்கும் உடம்பில் படும் சூட்டுக்கும் நேரான தொடர்பில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியும் வேண்டாம்.

நம் நிறத் தோலில் மெலனின் கூடுதல் என்பதால் தோல் புற்றுநோய் வெள்ளையருக்கு வருவதுபோல் அடிக்கடி வருவதில்லை. அதற்காக வெயில் நம்மைச் சும்மா விடுவதில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, வெயில் பட்ட இடத்தில் மட்டும் பொரிந்து அரிக்கும் தடிப்பு, கண்ணின் வெண்பகுதியில் வளரும் சதை, இவை நம் ஊரில் சாதாரணம். மங்குக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு முதலில் வெளுப்பாக்கிக் காட்டும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பும். கறுப்புப் போக எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. அதன் சாறு வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும்.

கிரீமின் தொந்தரவு

சன் ஸ்கிரீன் நல்ல பொருள்தான். ஆனால் வெயில் காப்பைக் குறிக்க அட்டையில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண் கிடைக்க எவ்வளவு பூச வேண்டும் தெரியுமா? முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். உடம்பு முழுக்கப் பூச ஏறத்தாழ 30 மில்லி. 50 கிராம் டியூப் ஒன்று இரண்டு பூச்சுக்குக்கூட வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்தால் அதற்கும் முன்னதாகவே. நடவில் நிற்பவர் சேற்றுக் கையோடு இதைச் செய்ய முடியுமா? வாங்கவே ஒரு நாள் கூலி போய்விடும். பூசிய முகத்தில் தூசி ஒட்டுகிறது, வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது. இதெல்லாம் உண்மையான கஷ்டம். 'அலட்சியம்' என்று சொல்லி மக்களைக் குறைகூறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே துணிதான் முதலில்; துணி மூடாத முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் கிரீம். துணியிலும் தேர்வு இருக்கிறது. சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் வெயிலும் நுழையும். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தி கொஞ்சமே தடுக்கும், நனைந்தால் அதுவும் குறையும். அடர் நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கொசுவை இழுப்பதும் அடர் நிறம்தான். அதனால் நெருக்கமாக நெய்த, வெளிர் நிறத் துணியை, தொளதொளவென்று போடுவதே நமக்கு ஏற்றது. உடம்போடு ஒட்டிய துணியின் மேலேயே கொசு கடித்துவிடும். தொளதொளப்பு காற்றையும் விடும், வேர்க்குருவும் குறையும்.

அடிக்கக் கூடாத பூச்சி

நெல் வயலில் எறும்புபோல் நீண்ட ஒரு சிறு வண்டு உண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். பெடரஸ் என்பது அதன் பெயர். பயிரைக் கெடுக்கும் புகையானைத் தின்பதால் விவசாயிக்கு அது நண்பன். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். அது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. கழுத்தில் ஊர்வதை உணர்ந்து நாம் அடித்து நசுக்கும்போதுதான் அதன் உடம்பிலுள்ள நஞ்சு தோலில் படுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சாட்டையடி பட்டதுபோல் நீளமாகச் சிவந்து கொப்புளம் போடும். இதை அக்கி என்று நினைத்துக் காவி பூசுகிறவர்களும் உண்டு. ஊதித் தள்ளிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

கொசுவுக்கு முன் வெயில்

டெங்கு கொசு பகலில் கடிக்கும்; காலையிலும் மாலை சாயுமுன்னும் அதற்கு வேகம் அதிகம். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இருட்டியபின் வரும். 1955-இல் வேலூர்ப் பகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதைப் பரப்புவது இந்த வயல் கொசு. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்களும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் கால்வரை மூடிக்கொள்ள வேண்டும்.

வெயில் கிரீமும் கொசுக் களிம்பும் இரண்டும் வேண்டுமென்றால், வெயில் கிரீமை முதலில் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன் மேல் கொசுக் களிம்பு. டீட் என்ற மருந்துள்ள களிம்பு வெயில் காப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசுக் களிம்பே கூடாது, வலைதான். வேப்பெண்ணெயை நம்புகிறவர்கள் அதன் காப்பு சீக்கிரம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

காய்ச்சலும் கறுப்புப் பொருக்கும்

மழைக்குப் பின், புல்வெளியிலும் புதரோரத்திலும் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல் வரலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்த இடம், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்குத் தட்டும். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே தெரியாமல் போகும். துணி இறுகும் இடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும்: அக்குள், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடுப்பு, தொடை இடுக்கு. பெண்கள் அதைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள்; மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடுகிறார். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தை நேரத்தோடு கொடுத்தால் காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். நாலைந்து நாளாகக் காய்ச்சல் விடாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகுமுன் வீட்டில் யாராவது ஒருவர் உடம்பு முழுவதையும் பார்க்கட்டும். பொருக்கு கண்ணில் பட்டால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.