கல்மரத்தின் வேர் எங்கே?

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் அறிவிப்புப் பலகையைத் தேடுகிறார்கள். குழந்தைகள் நேராக மரத்திடம் போகிறார்கள். தடவுகிறார்கள், தட்டுகிறார்கள், குனிந்து கன்னத்தை வைத்துப் பார்க்கிறார்கள். "அங்க என்ன பண்ற, வா, போட்டோ எடுக்கணும்" என்று யாராவது கையைப் பிடித்து இழுக்கும்வரை இது நடக்கிறது. அப்படி இழுக்கும்போது ஒரு நல்ல ஆய்வு பாதியில் நின்றுபோகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நியாயமான குறை உண்டு. தொட்டு, இழுத்து, சுழற்றி விளையாடிக் கற்றுக்கொள்ளும் அறிவியல் மையம் வேண்டுமென்றால் சென்னை கோட்டூர்புரத்துக்குப் போக வேண்டும். அங்கே 1988-ல் பிர்லா கோளரங்கம் வந்தது. திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து சுமார் 160. நாலு வயதுப் பிள்ளையோடு பேருந்தில் போய்த் திரும்பினால் ஒரு நாள் முழுதும் போய்விடும். புதுச்சேரி இலாசுப்பேட்டையில் உள்ள அறிவியல் மையம் கொஞ்சம் பக்கம். ஆனால் நம் மாவட்டத்துக்குள்ளேயே, மயிலத்தைத் தாண்டி வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றோரம் திருவக்கரையில் 2 கோடி ஆண்டுப் பழமையான காட்சிப்பொருட்கள் கூரையில்லாமல் கிடக்கின்றன. குழந்தைகளுக்கான அருங்காட்சியகமாக அதை நாம் இன்னும் நினைக்கவே இல்லை.

1781-ல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் சொன்னெரா இந்தக் கல்மரங்களைப் பற்றி முதன்முதலில் எழுதிவைத்தார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இங்கே பூங்காவை அமைத்தது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 247 ஏக்கர். அது ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பொதுமக்கள் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். சுமார் 200 கல்மரங்கள் இருக்கின்றன. பௌர்ணமிக்கு இதே ஊரில் உள்ள வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பலர் பூங்காப் பக்கம் எட்டிப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

மரம் எப்படிக் கல்லானது? செத்த மரம் வெளியே கிடந்தால் கரையானும் பூஞ்சையும் தின்று தீர்த்துவிடும். அதற்கு முன்பே வெள்ளம் அதை அடித்துவந்து மணலுக்கடியில் ஆழப் புதைத்துவிட்டால் காற்று போகாது, மரம் எளிதில் மக்காது. மணலுக்குள் ஊறும் நீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது. அந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்காவைப் படியவிடுகிறது. ஜாங்கிரியின் வடிவம் மாறாமல் அதன் குழல்களுக்குள் பாகு நிறைவதுபோல, மரத்தின் உருவம் மாறாமல் உள்ளே கல் நிறைகிறது. பிறகு மரப்பொருள் மெல்ல மறைந்து அதன் இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. இது மிக நுணுக்கமாக நடப்பதால், மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரத்தின் நீர்க்குழாய்கள் இன்றும் தெரியும். அவற்றைப் பார்த்துத்தான் இது புளியின் உறவு, இது ஆமணக்கின் குடும்பம் என்று ஆய்வாளர்கள் இனம் கண்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் நெய்வேலியில் மரம் பழுப்பு நிலக்கரியாக மாறியது. திருவக்கரையில் கல்லாக மாறியது. சதுப்பில் குவிந்து அழுந்தியதா, மணலில் புதைந்து சிலிக்கா நீர் ஊறியதா என்பதில்தான் வேறுபாடு.

இவ்வளவையும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது என்பேன். அதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் இருக்கிறது. எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு விதமாக வேலை செய்யும் ஒரு புதிய பொம்மையைச் சிறுவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு, "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒரு வேலையை மட்டும் செய்து காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். யாரும் சொல்லித்தராத குழந்தைகளோ பொம்மையைத் துருவி, மற்ற வேலைகளையும் தாங்களே அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் அவ்வளவுதான் விஷயம் என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. நாம் அருங்காட்சியகங்களில் செய்யும் தவறு இதுதான்: முதல் நிமிடத்திலேயே விடையைச் சொல்லிவிடுகிறோம்.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? நிழலில் கிடக்கும் கல்மரத்தில் கைவைத்த பிள்ளை, "ஆயா, இது மரம்தானே, ஏன் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்கும். அது சாதாரணக் கேள்வி இல்லை. பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மரமும் இந்தக் கல்லும் ஒரே நிழலில், ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் கல், மரத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. நம் தோல் உணர்வது பெரும்பாலும் சூடு போகும் வேகத்தை. பத்தாம் வகுப்பு மாணவனும் தடுமாறும் இந்த விஷயத்துக்கான முதல் தடயத்தை அந்தப் பிள்ளையின் உள்ளங்கை கண்டுபிடித்துவிட்டது. "அப்படியா? அந்த வேப்பமரத்தையும் தொட்டுப் பாரு, அதுவும் சில்லுன்னு இருக்கா?" என்று ஆயா திருப்பிக் கேட்டால் போதும்.

அடுத்து வரும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: "இந்த மரத்துக்கு வேர் எங்கே?" கிளை எங்கே, இலை எங்கே என்றும் கேட்பார்கள். நிலவியலாளர்கள் கேட்டதும் இதைத்தான். திருவக்கரையில் எல்லா மரங்களும் படுத்தே கிடக்கின்றன. வேரோ, கிளையோ, இலையோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ முறிந்து வெள்ளத்தில் உருண்டு வந்து ஒதுங்கியவை என்று முடிவுக்கு வந்தார்கள். படிக்கத் தெரியாத குழந்தை இல்லாத ஒன்றைக் கவனித்துக் கேட்கிறது. அந்த இல்லாமைதான் முதன்மையான சான்று. வக்கிராசுரன் என்ற அசுரனின் எலும்புகள்தான் இப்படிக் கல்லாகக் கிடக்கின்றன என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று அந்தக் கதையைச் சொன்னவர்களும் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கவிடும் இந்த யோசனை புதிதல்ல. குழந்தைகளுக்கென்றே உலகில் முதன்முதலாக ஓர் அருங்காட்சியகம் 1899-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கியது. 1960-களில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்போக் கண்ணாடிப் பெட்டிகளை அகற்றினார். அன்றாடப் பொருட்களை இரண்டாக வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கவிட்டார். 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் திறந்தார். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி இவர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு மேய்த்து, ஓர் ஊர்ப்புறப் பள்ளியில் பாடம் நடத்திய பிறகுதான் அவருக்கு இந்த யோசனை கனிந்தது.

தொடுவதற்கும் தானே நடப்பதற்கும் ஏன் இவ்வளவு மதிப்பு? 1963-ல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹெய்னும் இரண்டு பூனைக்குட்டிகளை ஒரு சுழல் தடியின் இரு முனைகளிலும் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றொன்று தொட்டியில் உட்கார்ந்தபடி அதே வட்டத்தைச் சுற்றியது. இரண்டும் பார்த்த காட்சி ஒன்றே. தானே நடந்த குட்டிக்குத்தான் பள்ளம் மேடு அறியும் பார்வை சரியாக வளர்ந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பூங்காவைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். கீழே இறக்கிவிடுங்கள்.

தொடலாம், எடுக்கக் கூடாது. ஏறவும் கீறவும் கூடாது. ஒரு சில்லைப் பையில் போட்டுக்கொண்டாலும் அது திரும்பக் கிடைக்காத இழப்பு. கடினத்தைச் சோதிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஆற்றங்கரையில் வெள்ளைக் கூழாங்கல் கிடைக்கும். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சிலிக்காதான். இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழாது, ஆணிதான் தேயும். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லையும் அதே அளவு மரக்கட்டையையும் வைத்துப் பார்த்தால் கல் மூன்று, நான்கு மடங்கு கனமாக இருக்கும்.

கெவின் குரோலியும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் கண்டு, 2001-ல் வெளியிட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். பெற்றோர்கள் மகளுக்குக் கொடுத்ததைவிட மகனுக்கு மூன்று மடங்கு அதிகமாக அறிவியல் விளக்கம் கொடுத்தார்கள். கேள்வி கேட்பதில் பெண்குழந்தைகள் குறைந்தவர்கள் அல்ல. நாம்தான் அறியாமல் ஓரவஞ்சனை செய்கிறோம். பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் பாப்பாவிடம் கொடுங்கள்.

தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் கைகளுக்குச் செய்முறையைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். அதற்கும் கீழே, அங்கன்வாடி தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கும் கை இருக்கிறது. திருவக்கரையில் ஒரு சின்னக் கூடம் போதும்: தூக்கிப் பார்க்க நாலைந்து கல்மரத் துண்டுகள், பக்கத்திலேயே அதே அளவில் புளியங்கட்டை, ஒரு தராசு, குழந்தை உயரத்துக்கு ஒரு நுண்ணோக்கி, "தொட்டுப் பார்" என்று எழுதிய பலகை. புவியியல் ஆய்வுத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் இது பெரிய செலவே இல்லை. விழுப்புரம் மாவட்டத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்க வேண்டும். அந்தக் கூடம் வரும்வரை, வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே, தண்ணீர்ப் புட்டியோடு உங்கள் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். எல்லா மரத்தையும் காட்ட வேண்டியதில்லை, ஒன்றின் பக்கத்தில் அரை மணி நேரம் விடுங்கள்.