பசுவும் நெடுந்தீவுக் குதிரையும்

யாழ்ப்பாணத்துப் பசு வைக்கோலையும் பனையோலையையும் தின்று பால் தருகின்றது. ஆயின், நாரிலுள்ள செலுலோசைச் சிதைக்கும் நொதியம் அதன் உடலிற் சுரப்பதில்லை. நான்கு அறைகளைக் கொண்ட இரைப்பையின் முதலறையில் வாழும் நுண்ணங்கிகளே நாரைப் புளிக்கச் செய்து, பசுவுக்கு ஆற்றல் தரும் அமிலங்களாக மாற்றுகின்றன. அசைபோடுதல் நாரை மேலும் நுண்ணிதாக்கும். பின்னர் அந்நுண்ணங்கிகளும் சிறுகுடலை அடைந்து சீரணித்துப் பசுவுக்குப் புரதமாகின்றன.

நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்து கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளுக்கோ, இத்தொழில் சிறுகுடலுக்கு அப்பால், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நிகழ்கின்றது. ஆதலால் நுண்ணங்கிப் புரதத்திற் பெரும்பகுதி இலத்தியோடு கழிகின்றது. உணவு விரைந்து கடப்பதால் நாரும் முற்றாகச் சிதைவதில்லை. இக்குறையைக் குதிரை மிகுதியாகத் தின்றே ஈடுசெய்யும். கோடையிற் புல் கருகி அருகும்போது அதற்கு வழியில்லை. எனவே, அக்குதிரைகளைக் காக்க விழைவோர் தண்ணீரோடு மேய்ச்சல் நிலத்தின் பரப்பையும் பேணுதல் வேண்டும்.